எதைப் போட்டாலும் சுடும்

சேஜ் கூலி, மொன்டானா
மார்ச் 21, 1994

அண்ணிக்கு,

போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். மறுபடி செய்தேன், மறுபடி வைத்தீர்கள். அதனால் எழுதுகிறேன். அண்ணன் பட்டாளத்தில் இருந்தபோது அவனுக்கு எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை.

துப்பாக்கிக் கிளப்பின் செய்தித்தாள் தபாலில் வந்தது. "தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ட்வென்டி-டூ சிறுரகத் துப்பாக்கிகள்: எது சிக்காது, எது குறி தவறாது. சோதித்தவர்: வெர்லா ஹெக்லண்ட்." ஐந்து துப்பாக்கிகளைச் சோதித்திருக்கிறீர்கள். நான்கு கம்பெனிச் சரக்கு. ஐந்தாவது என் பட்டறையில் குழல் கடைந்து, அண்ணனுக்கென்று நான் செய்து கொடுத்தது. சிக்குவதிலும் அதுதான் முதல், குறி தவறுவதிலும் அதுதான் முதல் என்று அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டீர்கள். ஆணிக் கடையில் உரமூட்டைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து விற்கிறார்களே, அந்த மலிவுத் துப்பாக்கிக்கும் கீழே போட்டிருக்கிறீர்கள் என்னுடையதை.

காலையில் காப்பி குடிக்கப் போனேன். கோதுமைக்கார டார்வின் கோல்ஸ் எனக்காகவே காத்திருந்தான் போல. "ஏம்ப்பா நாரிஸ், உன் துப்பாக்கி வாங்குனா கூடவே ஒரு குச்சியும் குடுப்பியாமே, சிக்குன தோட்டாவ நோண்டி எடுக்க?" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு. "சொந்த அண்ணியே இவ்வளவு எழுதியிருக்காங்கன்னா, பாவம், எழுதாம விட்டது எவ்வளவோ!" என்று இன்னொருவன். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

உங்களுக்குத் தெரியாததில்லை. பனி உருகித் தரை அணில்கள் வெளியே வந்து புல்வெளியைக் குடைய ஆரம்பிக்க, அவற்றைச் சுட விவசாயிகள் துப்பாக்கி வாங்கும் இந்தச் சில வாரங்கள்தான் எனக்கு வியாபாரம். வருஷம் முழுக்கப் பட்டறை ஓடுவது இதை நம்பித்தான். சொல்லி வைத்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்கிறார்கள். இந்த வசந்தம் போனால் பட்டறையை மூடிவிட்டு, இந்த வயதில் எவன் வாசலிலாவது வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

மறுபடி சோதியுங்கள். இந்த முறை நானும் பக்கத்தில் இருக்கிறேன். கிளப்பின் மே மாதப் பொதுக்கூட்டத்துக்கு முன் திருத்தம் வர வேண்டும்.

நாரிஸ்

*

வடக்குச் சாலை
மார்ச் 24

நாரிஸ்,

போனை வைத்தது கைதவறி அல்ல.

ஐந்து துப்பாக்கியையும் ஒரே மேசையில், ஒரே மணல் மூட்டையில் சாய்த்துச் சுட்டேன். ஐம்பது கஜம். எல்லாவற்றுக்கும் ஒரே தோட்டா. எல்லாக் குழலையும் ஒரே மாதிரி சுத்தம் செய்தேன். காற்றில்லாத காலையாகப் பார்த்துச் சுட்டேன். இந்த ஊரில் அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று உனக்குத் தெரியும். கிளப் செயலாளர் டுவெய்ன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இதைவிட நியாயமாக எப்படிச் சோதிப்பது என்று நீயே சொல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

உன் பட்டறை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை தொங்குகிறது. "ஹெக்லண்ட் துப்பாக்கி: எதைப் போட்டாலும் சுடும்." நான் போட்டேன். சுடவில்லை. அதைத்தான் எழுதினேன்.

பட்டறையை மூடுவதாக இருந்தால் அந்தப் பலகையை எனக்குக் கொடு. கோழிக்கூண்டுக்கு ஒரு பலகை தேவைப்படுகிறது.

வெர்லா

*

சேஜ் கூலி
மார்ச் 29

அண்ணிக்கு,

டுவெய்னைப் போய்ப் பார்த்தேன். என்ன தோட்டா என்று கேட்டேன். அவன் வெள்ளந்தியாகச் சொன்னான்: "அதான் நாரிஸ், வாளில கொட்டி விக்கறாங்களே, அந்த சாதாத் தோட்டா. எல்லாருக்கும் கட்டுப்படியாவும்ல. வெர்லாதான் எடுத்தாங்க, நான் இல்ல."

வாளித் தோட்டா. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன் வீட்டுப் பின்கொட்டகையில் குளிர்காலம் முழுக்க மூன்று பேரும் உட்கார்ந்து சுட்டுப் பார்த்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. "ஒவ்வொரு குழலுக்கும் ஒரு நாக்கு இருக்குடா, அதுக்குப் புடிச்சதத்தான் போடணும்" என்பான் அண்ணன். குண்டு கோணாமல் உட்கார வேண்டும் என்று நான் தோட்டா அறையை இறுக்கிக் கடைவேன். இறுக்கினால் குறி நன்றாக இருக்கும். ஆனால் வாளித் தோட்டா ஒன்று பருமன், ஒன்று ஒல்லி, மேலே மெழுகு வேறு அப்பிக்கிடக்கும், இறுக்கமான அறையில் சிக்கத்தான் செய்யும். குறியும், சிக்காத ஓட்டமும் ஒரே அடுப்படியில் மாமியாரும் மருமகளும் மாதிரி. ஒருத்தியைக் கொஞ்சினால் இன்னொருத்தி பாத்திரத்தை உருட்டுவாள். இதை முதலில் கண்டுபிடித்தது யார்? நீங்கள். "இந்த வாளிச் சனியன உங்க தம்பி துப்பாக்கில போடாதீங்க, கக்குது" என்று சொன்னது நீங்கள்.

குழலை வேறு தேய்த்து வெள்ளையாக்கியிருக்கிறீர்கள். சாதாரண ஆள் கேட்டால் நல்ல காரியம் என்பான். ட்வென்டி-டூ சுடுகிறவனுக்குத் தெரியும், தேய்த்த குழல் பழைய குறிக்குத் திரும்ப ஒரு பெட்டித் தோட்டாவாவது உள்ளே போக வேண்டும். நீங்கள் நாலைந்து சுட்டுவிட்டு உடனே கணக்கை ஆரம்பித்திருக்கிறீர்கள்.

எல்லாம் நியாயம். ஒரே மேசை, ஒரே தோட்டா, ஒரே சுத்தம். குற்றம் சொல்ல ஒரு இடம் இல்லாமல் என் கழுத்தை அறுத்திருக்கிறீர்கள். இந்த மாவட்டத்தில் இதைக் கண்டுபிடிக்கக்கூடியவன் நான் ஒருத்தன்தான், அதுவும் உங்களுக்குத் தெரியும். நான் உங்களுக்கு என்ன செய்தேன்? அண்ணனைப் புதைத்த அன்று உங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவியவன் நான்.

பொதுக்கூட்டத்தில் எழுந்து இதையெல்லாம் சொல்லத்தான் போகிறேன்.

நாரிஸ்

*

வடக்குச் சாலை
ஏப்ரல் 2

நாரிஸ்,

ஆமாம். வேண்டுமென்றேதான் செய்தேன்.

கூட்டத்தில் எழுந்து சொல்லேன், பார்ப்போம். என்ன சொல்வாய்? "என் துப்பாக்கி எதைப் போட்டாலும் சுடாது, பலகையில் எழுதியிருப்பது பொய்" என்றா? சொன்னாலும் பட்டறை போகும், சொல்லாவிட்டாலும் போகும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது உனக்காகவே சொன்னது. இதை யோசித்துக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ராத்திரி படுத்தால் இந்த நினைப்பு ஒன்றுதான் எனக்கு இனித்தது.

என்ன செய்தேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன்.

ஜனவரியில் சர்ச்சில் பழைய துணி கேட்டார்கள். உன் அண்ணனின் பழுப்புக் கித்தான் கோட்டை எடுத்தேன். துவைத்துக் கொடுக்கலாம் என்று பையைத் துழாவினால், கையில் ஒரு தோட்டா. வெடிக்காதது. குண்டின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, சிக்கிய தோட்டாவைப் பிடுங்கி எடுத்தால் அப்படித்தான் இருக்கும். அடியில் பார்த்தேன். வாளித் தோட்டாவின் முத்திரை.

அந்தக் கோட்டை அவர் கடைசியாகப் போட்டது 1992 செப்டம்பர் துப்பாக்கிப் பந்தயத்தன்று. அதன் பிறகு பித்தான் தொந்தரவு என்று தொடவே இல்லை. அன்று காலை அலமாரியிலிருந்து நல்ல தோட்டாப் பெட்டியை எடுத்து உன் கையில் கொடுத்தது நான். அந்த ஒரு சரக்கைத் தேடி இவர் மூன்று ஊர் சுற்றி வாங்கி, யார் கண்ணிலும் படாமல் துணிக்கு அடியில் வைத்திருந்தார். "மேகசின்ல தோட்டாவ நீயே நிரப்பிக் குடு நாரிஸ், விரல் மரத்துப்போவுதுங்கறாரு" என்றேன். அன்று புல்லில் உறைபனி. குளிர் என்று நினைத்தேன்.

நீ நிரப்பிக் கொடுத்தாய். முதல் குண்டு போனது. இரண்டாவது சிக்கியது. எடுத்தார். மறுபடி சிக்கியது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "அண்ணனுக்குத் தம்பி வெச்ச ஆப்புடா!" என்று எவனோ கத்தினான். நேரம் முடிந்து ஒற்றை ஓட்டையோடு தாள் தொங்கியது. அவர் எழுந்து தோளைக் குலுக்கிவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டார். நீ கோப்பையை வாங்கினாய். அண்ணன் ஒழுங்காகச் சுட்டவரை ஒரு வருஷம்கூட உனக்குக் கிடைக்காத கோப்பை.

அதன் பிறகு அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. நவம்பரில் டாக்டர் நரம்பு நோய் என்றார். அடுத்த நவம்பரில் புதைத்தோம். பதினைந்து வருஷம் அந்த வரிசையில் ஜெயித்த மனுஷன், கடைசியாக அங்கே செய்தது ஊர் சிரிக்கச் சிக்கெடுத்ததுதான். அதைச் செய்தது நீ. கூடப் பிறந்தவன்.

அந்தக் கோப்பையை ஜன்னலில் வைத்து விளக்குப் போட்டிருக்கிறாய். அந்த ஜன்னலுக்குப் பலகை அடிப்பதை நான் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

வெர்லா

*

சேஜ் கூலி
ஏப்ரல் 6

அண்ணி,

அந்தத் தோட்டாவைத் தூக்கி எறியுங்கள். நீங்கள் நினைப்பது போல இல்லை. இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

திருத்தம் வேண்டாம். கூட்டத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன். இந்த வசந்தம் போனால் போகட்டும். இதை இத்தோடு விட்டுவிடுங்கள், உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

நாரிஸ்

*

வடக்குச் சாலை
ஏப்ரல் 9

என் நன்மைக்கா? குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லையாம்.

நீ வாயைத் திறக்க வேண்டாம். நான் திறக்கிறேன். பொதுக்கூட்டத்தில் அந்தத் தோட்டாவை மேசைமேல் வைத்து, யார் நிரப்பிய மேகசினிலிருந்து வந்தது என்று சொல்லப் போகிறேன். கோப்பையைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். பட்டறை போவது பெரிதில்லை. இந்த மாவட்டத்தில் எவனும் உன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கக் கூடாது.

சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குள் எழுது. "அப்படி இல்லை, இப்படி இல்லை" என்று மழுப்பாதே.

வெர்லா

*

சேஜ் கூலி
ஏப்ரல் 15

வெர்லா,

இந்தக் கடிதத்தில் உன்னை அண்ணி என்று எழுத எனக்கு வரவில்லை. கேட்டாய் அல்லவா, வாங்கிக்கொள்.

1992 ஜூனில் குழலுக்கு இரும்பு வாங்க என்று நானும் அண்ணன் ஆர்லனும் கிரேட் ஃபால்ஸ் போனோமே, நினைவிருக்கிறதா? இரும்பு வாங்கப் போகவில்லை. டாக்டரிடம் போனோம். உனக்கு நவம்பரில் சொன்னதை அவர் எங்களுக்கு ஜூனிலேயே சொல்லிவிட்டார். வெளியே வந்து வண்டியில் ஏறினான். சாவியைத் திருப்ப முடியவில்லை. நான் கை நீட்டித் திருப்பினேன். உன் வீட்டு வளைவு வந்ததும் சொன்னான்: "வெர்லாகிட்ட வாயத் தொறந்தே, அப்புறம் நீ எனக்குத் தம்பி இல்ல."

ஏன்டா என்றேன். "தெரிஞ்ச நிமிஷத்துலேர்ந்து என்னப் பாக்கற பார்வையே மாறிடும்டா அவளுக்கு. இந்த ஒரு அறுவடை வரைக்குமாவது பழைய மாதிரியே பாக்கட்டும்" என்றான்.

பந்தயம் வந்தது. வராமல் இருந்தால் ஏன் என்று குடைவாய். வந்து சுட்டால் தாளில் தெரிந்துவிடும். ஊரில் மற்றவன் பார்த்தால் ஆர்லனுக்கு இன்று நேரம் சரியில்லை என்று போய்விடுவான். நீ அப்படிப் போக மாட்டாய். "அவ ஓட்டையப் பாத்தாப் போதும்டா, கையா துப்பாக்கியான்னு சொல்லிருவா. என் கை போயிருச்சுன்னு ஊருக்கு நடுவுல நின்னு அவ தெரிஞ்சுக்கக் கூடாது" என்றான். அதனால் துப்பாக்கி சிக்க வேண்டும். தாளில் படிக்க ஒன்றும் இருக்கக் கூடாது. வாளித் தோட்டாவைப் போடு என்று சொன்னது அவன். "உன் துப்பாக்கி பேரு கெட்டுருமேடா" என்று அவனே கேட்டான். கெடட்டும் என்றேன்.

சிக்கிய தோட்டாவைக் கீழே போட்டால் நீ வந்து பொறுக்கி முத்திரையைப் பார்ப்பாய் என்று கோட்டுக்குள் போட்டுக்கொண்டான். பிறகு மறந்துவிட்டான். நான் பந்தயத்திலிருந்து விலகுகிறேன் என்றேன். "ரெண்டு பேரும் ஒதுங்குனா சந்தேகம் வரும், ஒழுங்கா சுடு" என்றான். சுட்டேன். கோப்பையை ஜன்னலில் வைக்கச் சொன்னதும் அவன்தான். ஒளித்து வைத்தால் கேள்வி வருமாம்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் ஹெக்லண்ட் துப்பாக்கி சிக்கும் என்ற பேச்சு ஊரில் கிளம்பியது. தப்பான தோட்டா என்று சொன்னால் யார் போட்டது என்று கேட்பார்கள். சொல்ல வழியில்லாமல் "எதைப் போட்டாலும் சுடும்" என்று ஒரு பொய்யை எழுதித் தொங்கவிட்டேன். அந்தப் பொய்யை வைத்துத்தான் நீ என்னை அடித்தாய்.

சாகும்வரை சொல்ல மாட்டேன் என்று அவன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தேன். நீ என்னை அதை மீற வைத்துவிட்டாய். உன்னைச் சமாதானம் செய்ய இதை எழுதவில்லை. உனக்கு வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவன் முதலில் சொன்னது என்னிடம். உன்னிடம் இல்லை. ஜூனிலிருந்து நவம்பர் வரை எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

இப்போது போய் மேசைமேல் வை அந்தத் தோட்டாவை.

நாரிஸ்

*

வடக்குச் சாலை
ஏப்ரல் 30

நாரிஸ்,

உன் கடிதத்தை முதலில் நம்பவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் பழைய ஏட்டைப் புரட்டிவிட்டு, "ஜூன் மாசம்தாம்மா, கூட அவர் தம்பி வந்திருந்தார்" என்றார். எனக்கு இதுவரை தெரியாதா என்று அவர் குரலில் ஒரு சங்கடம். தெரியும், சரிபார்க்கத்தான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று ஆர்லனின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனேன். குழலைத் தொடவில்லை. அந்த நல்ல தோட்டாவில் மிச்சம் இருந்ததில் ஒரு பெட்டி போட்டுச் சுட்டேன், பிறகுதான் தாளை மாற்றினேன். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. ஐந்து ஐந்தாகச் சுட்டதில் ஒவ்வொரு ஓட்டைக் கூட்டத்தையும் ஒரு விரல் நுனியால் மூடிவிடலாம். இந்த ஊரில் இதற்குச் சமமாகச் சுடும் துப்பாக்கி இல்லை. தாளை டுவெய்னிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த இதழில் இப்படி வரும்: "ஐந்தாவது துப்பாக்கியின் சோதனை செல்லாது. பிழை துப்பாக்கியில் இல்லை, சுட்டவர் கையில். வாளித் தோட்டா இதற்கு ஆகாது. வெர்லா ஹெக்லண்ட்."

டுவெய்ன் நம்பவில்லை. "உங்க கையா? உங்க கையில தப்பு வந்து நான் பாத்ததே இல்லியே?" என்றான். வயசாகிறதில்லையா என்றேன். இனி சோதிப்பதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தோட்டாவைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். காரணம் கேட்பார்கள், அவர் மறைத்ததை நான் ஊரில் விரிக்க மாட்டேன். இது உனக்காகச் செய்தது என்று நினைத்துக்கொள்ளாதே. பலகையை மட்டும் இறக்கு. இனி அதற்கு அவசியமில்லை.

உனக்கு வலிக்கட்டும் என்று எழுதியிருந்தாய். எங்கே வலிக்கும் என்று உனக்குத் தெரியாது. உன்னிடம் முதலில் சொன்னதில் எனக்கு வலி இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது அல்ல.

அண்ணனும் தம்பியும் கூடிப் பேசி எனக்கு ஓர் இலையுதிர் காலத்தைப் பரிசாகக் கொடுத்தீர்கள். பழைய மாதிரியே பார்க்கட்டும் என்று. நான் பழைய மாதிரியேதான் பார்த்தேன். சட்டைப் பித்தான் போட நேரமானால் திட்டினேன். காப்பியைச் சிந்தினால் திட்டினேன். என் அம்மாவின் தட்டு ஒன்று கைநழுவி உடைந்தது, "கை என்ன பூப்பறிக்குதா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே குனிந்து சில்லுகளைப் பொறுக்கப் பார்த்தார். விரலில் நிற்கவில்லை. "விடுங்க, உங்களால ஒண்ணும் ஆவாது" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

உன்னைப் பழிவாங்க எனக்கு வழி தெரிந்தது. அந்த வார்த்தையை அவரிடம் சொன்னவளை என்ன செய்வது என்று தெரிந்தால் எழுது. வேறு எதற்கும் எழுதாதே.

வெர்லா